குளவிக் குடியில் புகுந்த அந்நியன்

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கை. சமய நூலார் இதனை உவமையாக எடுத்தாண்டு, குருவின் நினைவிலேயே தோய்ந்த மாணாக்கன் குருவின் தன்மையையே அடைவான் என்று விளக்கினர். உவமை அழகியது, ஆனால் இயற்கையில் நிகழ்வது வேறு. சுவரில் மண்கூடு கட்டும் குளவி, புழுவைக் கொட்டிச் செயலற்றதாக்கி, அறைக்குள் வைத்து, முட்டையிட்டு, வாயிலை மண்ணால் அடைத்துவிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் இளங்குளவி அந்தப் புழுவைத் தின்றே வளர்கிறது. புழு குளவியாவதில்லை, குளவிக்கு இரையாகிறது.

பிற உயிரின் உடலைத் தன் மகவுக்கு உணவறையாக்கும் இந்தக் குளவிக் குலத்திற்கும் அதே கதி நேர்வதுண்டு என்பதைப் பலர் அறியார். குளவியின் வயிற்றுக்குள்ளேயே குடிபுகுந்து, அதைக் கொல்லாமல் வைத்து, அதன் குணத்தையே மாற்றிவிடும் ஒரு பூச்சி உண்டு. அதனைக் கண்டறிந்து விளங்கிக்கொள்ள அறிஞர்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த வரலாற்றையே இக்கட்டுரை கூறுகிறது.

நகர் காணும் குளவி

குளவிகளில் தனித்து வாழ்வனவும் உண்டு. குடியாகக் கூடி வாழ்வனவும் உண்டு. இத்தாலி முதலிய நாடுகளில் வீட்டு இறவாரங்களிலும் ஓடுகளின் அடியிலும் கூடு கட்டும் காகிதக் குளவி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இதற்கு நூலார் இட்ட பெயர் போலிஸ்தெஸ் டொமினுலா. போலிஸ்தெஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு நகரை நிறுவுவோன் என்பது பொருள். பெயர் பொருத்தமானதே. வசந்த காலத்தில் பெண் குளவி ஒன்றோ சிலவோ சேர்ந்து, மரநாரைச் சுரண்டி, எச்சிலோடு மென்று, காகிதம் போன்ற கூழாக்கி, அறுகோண அறைகளைக் கட்டுகின்றன. முதலில் பிறக்கும் பெண்கள் வேலைக்காரிகள். இரை தேடுதல், இளம்புழுக்களுக்கு ஊட்டுதல், கூட்டைக் காத்தல் ஆகிய யாவும் அவற்றின் கடமை. கோடையின் இறுதியில் ஆண்களும் வருங்கால இராணிகளும் பிறக்கின்றன. பனிக்காலம் வருமுன் கூடு கலைகிறது. கருவுற்ற இளம் இராணிகள் மட்டும் ஒதுக்கிடங்களில் ஒன்றாக ஒடுங்கிக் கிடந்து, அடுத்த வசந்தத்தில் புதிய கூடுகளைத் தொடங்குகின்றன.

இந்தக் குடிக்குள் ஓர் ஆட்சி முறையும் உண்டு. பீசா நகரில் பணியாற்றிய லியோ பார்தி என்னும் அறிஞர் 1940-களில் இதனை நுணுகி ஆராய்ந்தார். ஒரே கூட்டில் உள்ள பெண்கள் ஒன்றையொன்று அடக்கியும் அடங்கியும் வரிசைப்படுகின்றன. தலைமை பெற்ற குளவியின் கருப்பைகளே நன்கு வளர்கின்றன. அடங்கியவை உழைக்கின்றன என்று அவர் காட்டினார். குடியின் ஒழுங்கெல்லாம் இந்த ஏற்பாட்டையே சார்ந்து நிற்கிறது. ஆகவே உழைக்க வேண்டியது உழைக்காமற் போனால், காக்க வேண்டியது கூட்டை விட்டு நீங்கினால், குடி தளர்ந்துபோகும். அத்தகைய கேட்டினை விளைப்பதே நம் கதையின் அந்நியன்.

பீசா நகரப் பேராசிரியர்

அதனை முதலில் உலகிற்கு அறிவித்தவரும் பீசா நகரத்தவரே. பியெத்ரோ ரோசி என்பவர் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். தம் நாட்டுப் பூச்சிகளைப் பற்றிய பெருநூல் ஒன்றை 1790-இல் வெளியிட்டவர். குளவியின் வயிற்று வளையங்களுக்கிடையே சிறு பழுப்புநிற முளைகள் நீட்டிக்கொண்டிருப்பதையும், அவற்றிலிருந்து சிறகுள்ள நுண்பூச்சி வெளிப்படுவதையும் கண்டு, 1793-இல் அதனைப் புதிய இனமென அறிவித்தார். ஸீனோஸ் வெஸ்பாரம் என்று பெயரிட்டார். ஸீனோஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு அந்நியன், விருந்தாளி என இரு பொருளும் உண்டு. தமிழிலும் விருந்து என்ற சொல்லுக்குப் பண்டைப் பொருள் புதுமை என்பதே; முன்பின் அறியாப் புதியவரே விருந்தினர். 'குளவிகளின் அந்நியன்' என்னும் இந்தப் பெயர் இரு பொருளிலும் பொருந்துவதாயிற்று.

ஆயினும் இப்பூச்சி எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பது ரோசிக்கு விளங்கவில்லை. புழுக்களின் உடலில் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு நெருங்கிய உறவு என்று கருதினார். அக்காலத்தில் அறியப்பட்ட வகுப்புகளில் ஏதேனும் ஒன்றில் புதியதை அடக்கிவிட முயல்வது இயல்பே. ஆனால் இது எதிலும் அடங்கவில்லை.

பாதிரியாரின் குண்டூசி

இங்கிலாந்தின் சபோக் மாவட்டத்துப் பார்ஹாம் என்னும் சிற்றூரில் திருச்சபைப் பணி புரிந்தவர் வில்லியம் கிர்பி. இவர் தம் நாட்டு ஈக்கள் அனைத்தையும், அதாவது தேனீ இனங்களை, ஆராய்ந்து 1802-இல் நூலாக வெளியிட்டார். மண்ணில் வளை தோண்டும் ஒரு தேனீயின் வயிற்றில் உண்ணி போன்ற ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதை அவர் கண்டார். குண்டூசியால் அதை அகற்ற முயன்றபோது, தேனீயின் உடலுக்குள்ளிருந்து வெண்ணிறமான மெத்தென்ற உயிர் ஒன்று முழுதாக இழுபட்டு வந்தது. உண்ணி என்று நினைத்தது அதன் தலை மட்டுமே! உடலெல்லாம் உள்ளே இருந்தது. அவர் அடைந்த வியப்புக்கு எல்லையில்லை.

பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டு கல்லூரிப் பேராசிரியர் பெக் என்பவர் அந்நாட்டுக் காகிதக் குளவியில் கண்ட பூச்சியும் கிர்பியின் ஆராய்ச்சிக்கு உட்பட்டது. அதற்கு அவர் பெக்கின் பெயரையே சூட்டினார். இவை எந்தப் பழைய வகுப்பிலும் சேரா எனத் துணிந்து, 1813-இல் ஸ்திரெப்சிப்டெரா என்னும் புதிய வரிசையை வகுத்தார். முறுக்கிய சிறகுடையவை என்பது அதன் பொருள். ஆண் பூச்சியின் முன்சிறகுகள் சிறு தண்டுகளாகக் குறுகிவிட்டன. பின்சிறகுகளே விசிறி போல் விரிந்து பறக்க உதவுகின்றன. 1833-இல் இலண்டனில் பூச்சியியற் கழகம் தொடங்கியபோது, இவ்வரிசையைச் சேர்ந்த பூச்சியொன்றே அதன் சின்னமாயிற்று. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிற்றுயிருக்கு இதனினும் பெருமை வேறு என்ன வேண்டும்?

இவ்வரிசையின் உறவு பற்றிய வழக்கு அதன்பின்னும் நெடுங்காலம் நடந்தது. வண்டுகளோடு சேர்த்தவர் உண்டு. ஈக்களோடு சேர்த்தவரும் உண்டு. 2012-இல் இவ்வரிசையின் ஓர் இனத்து மரபுப்பொருள் முழுவதையும் படித்து ஒப்பிட்ட பிறகே, வண்டுகளே இவற்றின் நெருங்கிய உறவினர் என்பது உறுதிப்பட்டது.

புழுவென்று நினைத்த தாய்

ஆண் பூச்சியைச் சிறகோடு கண்டாயிற்று. பெண் எங்கே? இந்த வினாவிற்கு விடை கிடைக்க மேலும் காலம் சென்றது. ஜெர்மானிய அறிஞர் கார்ல் தியோடர் வான் ஸீபோல்ட் 1839-ஆம் ஆண்டிலும் 1843-ஆம் ஆண்டிலும் வெளியிட்ட ஆராய்ச்சிகளே இருளை நீக்கின. குளவியின் வயிற்றுக்குள் கிடக்கும் காலில்லாத, சிறகில்லாத, புழுப் போன்ற உடலை அதுவரை வளராத புழு என்றே பலர் எண்ணியிருந்தனர். அதுவே முதிர்ந்த பெண் என்று ஸீபோல்ட் காட்டினார். அது குளவியை விட்டு வெளிவருவதே இல்லை. தலையும் மார்பும் ஒன்றாய் இணைந்த பகுதி மட்டும் குளவியின் வயிற்று வளையங்களுக்கிடையே வெளியே தெரியும். ஆண் அங்கே வந்து கூடுகிறது. முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே பொரிந்து, ஆயிரக்கணக்கான நுண்ணிய இளவுயிர்கள் தாயின் முன்பகுதியிலுள்ள திறப்பின் வழியே வெளியேறுகின்றன.

அந்த இளவுயிர்களுக்குத்தான் கால்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே இருக்கும். குளவிக் கூட்டை அடைந்து, அறையிலுள்ள குளவிப் புழுவின் தோலைத் துளைத்து உட்புகுவதே அவற்றின் ஒரே வேலை. உள்ளே சென்றதும் தோலுரித்துக் கால்களை இழக்கின்றன. பின்பு குளவிப் புழுவின் உடல்நீரிலுள்ள சத்தைத் தம் தோலின் வழியே உறிஞ்சி வளர்கின்றன. உடலுக்குள் அந்நியப் பொருள் நுழைந்தால் அதைச் சூழ்ந்து அடைத்துக் கொல்லும் ஆற்றல் பூச்சிகளுக்கு உண்டு. அந்தக் காவலையும் ஸீனோஸ் ஏமாற்றிவிடுகிறது. குளவிப் புழு கூட்டுப்புழுவாகி, முழுக் குளவியாகி வெளிவரும்போது, அந்நியனும் அதனுள் இருந்தபடியே வெளிவருகிறான்.

ஆணின் வாழ்நாளோ மிகக் குறுகியது. குளவியின் வயிற்றிலிருந்து மூடியைத் திறந்துகொண்டு பறந்த ஆண் சில மணி நேரமே உயிரோடிருக்கும். அதற்குள் வேறொரு குளவியின் உடலில் புதைந்திருக்கும் பெண்ணைத் தேடிக் காண வேண்டும். இதற்கென அதன் கண்களும் தனி அமைப்பைப் பெற்றுள்ளன. பெக்கின் பெயர் தாங்கிய இனத்தின் ஆணுக்கு ஒரு கண்ணில் ஏறத்தாழ ஐம்பது ஆடிகளே உண்டு. ஆனால் ஒவ்வோர் ஆடியும் ஒரு புள்ளியை மட்டுமன்றிக் காட்சியின் ஒரு துண்டையே பதிவு செய்கிறது என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1999-இல் வெளிப்படுத்தினர்.

மலடாக்கும் விருந்தாளி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வினா மாறியது. அந்நியன் யார் என்று கேட்டவர்கள், அவன் வீட்டுக்காரனுக்கு என்ன செய்கிறான் என்று கேட்கத் தொடங்கினர். பிரெஞ்சு அறிஞர் ழான் பெரேஸ், இவ்வரிசைப் பூச்சி பீடித்த தேனீக்களை ஆராய்ந்து 1886-இல் வியத்தகு செய்தி ஒன்றை வெளியிட்டார். பீடிக்கப்பட்ட பெண் தேனீயின் காலில் மகரந்தம் சுமக்கும் மயிர்க்கற்றை குன்றுகிறது. சில இனங்களில் ஆணுக்கே உரிய முகநிறம் பெண்ணில் தோன்றுகிறது. ஆண் பெண்ணின் சாயலைப் பெறுகிறது. அதே காலத்தில் ஆல்பிரட் ழியார் என்பவர் நண்டுகளில் ஒட்டுண்ணியால் நேரும் மலட்டுத் தன்மையை விளக்கினார். எறும்பு ஆராய்ச்சியில் புகழ்பெற்ற வீலர் 1910-இல் பூச்சிகளிடையே இத்தகைய மலட்டுத் தன்மையைத் தொகுத்து எழுதினார். ஜார்ஜ் சால்ட் 1927-இல் எழுதிய விரிவான கட்டுரையில், வளரும் பருவத்தில் உணவு பறிபோவதே இம்மாற்றங்களுக்குக் காரணம் என்ற கருத்தை வலியுறுத்தினார்.

காகிதக் குளவியைப் பொறுத்தவரை, வெளித்தோற்றத்தைவிட உள்ளே நேரும் மாற்றமே பெரிது. பிரெஞ்சு நாட்டு ஸ்திராம்பி தம்பதியர் 1973-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்கியது. பூச்சிகளின் தலையில், மூளைக்குப் பின்னால், வளர்ச்சியையும் முட்டை முதிர்வையும் நடத்தும் நுண்ணிய சுரப்பிகள் உண்டு. ஸீனோஸ் குடிகொண்ட குளவியில் இந்தச் சுரப்பி அமைப்பே சீர்குலைகிறது. கருப்பைகள் வளர்ச்சியின்றி நின்றுவிடுகின்றன. அந்நியன் குளவியின் இன்றியமையாத உறுப்புகளைக் கடித்துத் தின்பதில்லை. குளவி உயிரோடும் பறக்கும் ஆற்றலோடும் இருக்கிறது. ஆனால் அது இனித் தாயாக முடியாது. பார்தி காட்டிய ஆட்சி வரிசையில் அதற்கு இடமே இல்லாமற் போகிறது.

கூட்டைத் துறந்த வேலைக்காரிகள்

மலடானாலும் உழைக்கலாமன்றோ? வேலைக்காரிகள் பெரும்பாலும் முட்டையிடாமலே உழைப்பவைதாமே? ஈண்டுதான் அந்நியனின் மிகப் பெரிய கேடு வெளிப்படுகிறது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹியூஸ், ஜெயராணி கதிரித்தம்பி ஆகியோரும், பிளாரன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா பெயானி, ஸ்தெபானோ துரில்லாட்சி ஆகியோரும் இணைந்து இதனை ஆராய்ந்தனர். 2003-இல் அவர்கள் குளவிக் கூடுகளிலிருந்த புழுக்களை அறுத்துச் சோதித்து, வெளியே தெரியும் முளைகளைக் கொண்டு மட்டும் நோயை அளவிடுவது போதாது என்று காட்டினர். பிறவாக் குளவிகளின் உடலுக்குள்ளேயே அந்நியர் குடியேறியிருந்தனர்.

2004-இல் வெளியான அவர்களது கட்டுரை இன்னும் வியப்பானது. ஸீனோஸ் பீடித்த வேலைக்காரி, பிறந்த ஒரு வார அளவில், எந்த வேலையும் செய்யாமல் கூட்டை விட்டு நீங்கிவிடுகிறது. நீங்கியவை சிதறிப் போவதில்லை. வெவ்வேறு கூடுகளிலிருந்து வந்தவை குறிப்பிட்ட செடிகளிலும் உயர்ந்த இடங்களிலும் ஒன்று கூடுகின்றன. நடுக்கோடையில் அவ்வாறு கூடி அமர்ந்திருக்கும் குளவிகளைப் பிடித்துப் பார்த்தால், அவற்றில் மிகப் பெரும்பாலானவை நோயுற்றவையே. ஆரோக்கியமான குளவிகளெல்லாம் அந்நேரம் கூட்டிலே உழைத்துக்கொண்டிருக்கும் காலம் அது.

இக்கூட்டத்தால் குளவிக்கு யாதொரு பயனும் இல்லை. ஆனால் ஸீனோஸுக்குப் பெரும் பயன் உண்டு. சில மணி நேரமே வாழும் ஆணுக்குப் பெண்கள் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. குளவிகள் கூடும் இடம் ஸீனோஸுக்கு மணப்பந்தலாகிறது! அதன்பின் இரு வகைக் குளவிகளின் கதியும் வேறுபடுகிறது. ஆண் அந்நியனைச் சுமந்தவை, அது வெளியேறியபின் விரைவில் மடிகின்றன. பெண் அந்நியனைச் சுமந்தவையோ உயிரோடிருந்து, வருங்கால இராணிகளோடு சேர்ந்து பனிக்காலத்தைக் கழிக்கின்றன. வசந்தம் வந்ததும் இராணிகள் கூடு கட்டப் புறப்படுகின்றன. இவை கூடு கட்டுவதில்லை. தம்முள் இருக்கும் பெண் ஸீனோஸ் ஈனும் நுண்ணுயிர்களைப் புதிய கூடுகளுக்குப் பரப்பும் ஊர்தியாகவே பயன்படுகின்றன.

2018-இல் பெயானியும் அவர் குழுவினரும் மற்றொரு செய்தியை வெளியிட்டனர். நோயுற்ற குளவிகள் தோட்டங்களில் வளர்க்கப்படும் ஊதுகொம்புப் பூங்கொடியை நாடி வந்து, அதன் மொட்டுகளிலும் இலைகளிலும் சுரக்கும் இனிப்பு நீரை உண்கின்றன. மற்ற வேலைக்காரிகள் குடிக்காக இரை சுமக்கும் பருவத்தில் இவை தமக்காக மட்டும் உண்டு கொழுக்கின்றன.

நோயா, ஆட்சியா?

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழலாம். நோயுற்ற உயிர் சோர்ந்து ஒதுங்குவது இயல்புதானே? இதனை ஒட்டுண்ணியின் சூழ்ச்சி என்பது எவ்வாறு பொருந்தும்? சால்ட் போன்ற முன்னோர் உணவுக் குறைவையே காரணமாகக் கூறினர் என்பதும் நினைவிற்குரியது.

நடந்ததைக் கூர்ந்து நோக்கினால் விடை தெளிவாகும். வெறும் பட்டினியால் வாடிய குளவி மெலிந்திருக்க வேண்டும். ஆனால் பெண் ஸீனோஸைச் சுமக்கும் குளவியின் உடலில் கொழுப்புச் சேமிப்பு மிகுந்திருப்பதைப் பெயானி குழுவினர் 2011-இல் கண்டனர். கொழுப்பைச் சேர்த்துவைப்பது வேலைக்காரியின் இயல்பன்று. பனிக்காலத்தைத் தாண்ட வேண்டிய இளம் இராணியின் இயல்பு. கூட்டில் உழையாமை, கூட்டை விட்டு நீங்குதல், பிறரோடு கூடி ஒடுங்குதல், நீண்ட காலம் வாழ்தல் ஆகிய அனைத்தும் வருங்கால இராணியின் குணங்களே. 2017-இல் அமெரிக்க, ஐரோப்பிய அறிஞர்கள் சேர்ந்து குளவிகளின் மூளையில் எந்த மரபணுக்கள் செயற்படுகின்றன என்று சோதித்தனர். நோயுற்ற வேலைக்காரியின் மூளையில், இராணி வேலைக்காரி என்ற பிரிவினைக்குத் தொடர்புடைய மரபணுக்களின் போக்கு இராணியின் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

ஆகவே ஸீனோஸ் புதிதாக ஒரு குணத்தைப் படைக்கவில்லை. குளவியிடம் ஏற்கெனவே உள்ள இராணியின் வழியைக் காலமல்லாக் காலத்தில் திறந்துவிடுகிறது; தாய்மையை மட்டும் பறித்துக்கொள்கிறது. உயிரொன்றின் மரபணுவுக்கு அவ்வுயிரின் உடலோடு எல்லை முடிவதில்லை, மற்றோர் உயிரின் நடத்தையிலும் அதன் கை நீளலாம் என்று ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1982-இல் எழுதிய நூலில் வாதிட்டார். அதற்கு இக்குளவியை விடச் சிறந்த சான்று தேடுவது அரிது.

வயல்வெளியிலும் செம்பனையிலும்

ஸ்திரெப்சிப்டெரா வரிசையில் இன்று ஏறத்தாழ 600 இனங்கள் அறியப்பட்டுள்ளன. இவை இத்தாலியக் குளவிக்கு மட்டும் உரியவை அல்ல. மலேசிய நெல்வயல்களில் பயிரை எரித்தாற்போல் கருக்கும் புகையான் பூச்சியின் உடலிலும் இவ்வரிசையைச் சேர்ந்த எலெங்கஸ் வாழ்கிறது. பாப்புவா நியூகினியில் செம்பனை ஓலைகளைத் தின்னும் வெட்டுக்கிளிகளைப் பீடிக்கும் இனம் ஒன்றைப் பயிர்ப் பாதுகாப்பிற்குப் பயன்படுத்தும் முயற்சிகளும் நடந்துள்ளன. இவ்வரிசை முழுமைக்கும் 1989-இல் விரிவான மதிப்பாய்வு எழுதியவர், மேலே குறித்த ஜெயராணி கதிரித்தம்பி அவர்களே. தமிழ்ப் பெயர் தாங்கிய அறிஞர் ஒருவர் ரோசியும் கிர்பியும் தொடங்கிய துறையில் முன்னணியில் நிற்பது நாம் மகிழத்தக்கது.

இந்த வரலாற்றில் கற்க வேண்டியது ஒன்றுண்டு. கிர்பி கண்டது உண்ணியன்று, தலை. முன்னோர் கண்டது புழுவன்று, தாய். வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை மட்டும் எண்ணியவரை நோயின் அளவு தெரியவில்லை. உள்ளே அறுத்துப் பார்த்தபின்பே தெரிந்தது. கூட்டை விட்டு நீங்கிச் செடியில் சும்மா அமர்ந்திருக்கும் குளவியைக் கண்டு சோம்பேறி என்றோ நன்றியற்றது என்றோ முடிவு கட்டுவது எளிது. அதன் உள்ளிருந்து யார் நடத்துகிறார்கள் என்று கேட்டவர்களே உண்மையைக் கண்டனர். செயலைக் கண்டதும் தீர்ப்புக் கூறாமல் காரணத்தைத் தேடுவதே அறிவின் முதற்படி. அப்படியை ஏற அறிஞர் உலகிற்கு இருநூறு ஆண்டுகள் பிடித்தன என்பதை எண்ணும்போது, பொறுமையும் அவ்வறிவின் ஒரு பகுதியே என்பது விளங்கும்.